ஆல்ஃபா தடுப்பான் மருந்துகளின் வரலாறு

ஆல்ஃபா தடுப்பான்கள் என்பவை உயர் இரத்த அழுத்தத்துக்கும், வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கும் தரப்படும் மருந்துகள். பிரசோசின், டெராசோசின், டாக்சசோசின், டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலம் என்று பணி ஓய்வு பெற்றோர் நிறைந்த பகுதிகளின் மருந்துக் கடைகளில் இவை அன்றாடம் விற்பவை. அறுபதைக் கடந்த ஆண்கள் பலர் இவற்றில் ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிவிட்டுப் படுக்கிறார்கள். அந்த மாத்திரை பிரஷருக்கா, சிறுநீருக்கா என்று கேட்டால் "இரண்டுக்கும்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1990களில் மருத்துவ உலகின் பெரும்பகுதி அதையேதான் சொன்னது. அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது, 2000ஆம் ஆண்டில் எப்படித் தளர்ந்தது என்பதே இம்மருந்துகளின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

இரண்டு குழாய்கள், ஒரே பூட்டு

இரத்தக் குழாயின் சுவரில், நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே சுருங்கி விரியும் தசை இருக்கிறது. பயம், கோபம், குளிர், வலி போன்ற நேரங்களில் பரிவு நரம்புகள் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது தசையின் மேலுள்ள ஆல்ஃபா ஏற்பி என்னும் பூட்டில் சாவிபோல் நுழைகிறது. தசை இறுகுகிறது, குழாய் குறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. தோட்டத்து ரப்பர் குழாயை விரலால் நெருக்கினால் உள்ளே நீரின் அழுத்தம் கூடுவதைப் போன்றது இது.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கிறது. நடுத்தர வயதுக்குப் பின் அது மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டும்போது ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி ஏதோ ஓர் அளவில் இருக்கும். இது புற்றுநோய் இல்லை. ஆனாலும் தொல்லை தரும். சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், வேகம் குறையும், முடிந்த பின்னும் சொட்டும், இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கும். இந்த அடைப்புக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சுரப்பியின் பருமன். மற்றொன்று, சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பையின் வாயிலிலும் உள்ள தசையின் இறுக்கம். இந்தத் தசையிலும் அதே ஆல்ஃபா பூட்டுதான் இருக்கிறது. அந்தப் பூட்டின் துளையை அடைத்துவிட்டால் சாவி நுழையாது, தசை தளரும். மருந்து செய்வது அவ்வளவுதான். அது சுரப்பியைச் சுருக்குவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்வது நல்லது. சளிக்குத் தரப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஃபெனைலெஃப்ரின் என்ற மருந்து சேர்ந்திருக்கிறது. மூக்கடைப்பைப் போக்க அது ஆல்ஃபா பூட்டைத் திறக்கும் சாவியாக வேலை செய்கிறது. புராஸ்டேட் வீங்கியவர் சளிக்கென்று இதைத் தானே வாங்கிச் சாப்பிட்டால் மூக்கு திறக்கலாம், சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளவும் கூடும்.

கத்தியும் வேரும்

மருந்து வருவதற்கு முன் புராஸ்டேட் அடைப்புக்கு இரண்டே வழிகள் இருந்தன: குழாய் செருகி நீரை எடுப்பது, அல்லது அறுவை. இந்த அறுவையின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் ஃபிரேயர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வட இந்தியாவில் சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்து எடுப்பதில் அவருக்குப் பெரும் பெயர் இருந்தது. ஓய்வு பெற்று லண்டன் திரும்பிய அவர், 1900 டிசம்பரில் அடிவயிற்றின் வழியாகப் புராஸ்டேட்டை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தார். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் அதற்கு முன்பே அதைச் செய்திருந்தார். யார் முதல்வர் என்ற சச்சரவு நெடுநாள் நீடித்தாலும் அறுவைக்கு ஃபிரேயரின் பெயரே நிலைத்துவிட்டது. பின்னர் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சீவி எடுக்கும் முறை பரவியது. இன்றும் மருந்துக்கு அடங்காத அடைப்புக்கு அதுவே முக்கியமான வழி.

இரத்த அழுத்தத்தின் நிலை அதைவிட மோசம். 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் இறுதி நேரத்தில் 300/190 என்று குறிக்கப்பட்டது. உலகின் மிக அதிகாரம் வாய்ந்த மனிதருக்கே அன்று பயனுள்ள மாத்திரை எதுவும் இல்லை.

முதல் பெரிய மாற்றம் இந்திய மண்ணின் வேர் ஒன்றிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் மூலிகை. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் இது அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றி எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டனின் இதயநோய் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைதான் மேலை நாட்டவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது நரம்பு முனைகளில் உள்ள நாரட்ரினலின் சேமிப்பைக் காலி செய்துவிடும். பூட்டு அப்படியே இருக்க, சாவிகளையெல்லாம் அள்ளிக் கொண்டுபோவது போன்ற முறை. அழுத்தம் குறைந்தது. கூடவே சோர்வும் மனத்தளர்ச்சியும் வந்தன. சாவியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் அடைக்க முடியுமா என்ற கேள்வி வலுப்பெற்றது.

பூட்டைக் கண்டறிந்தவர்கள்

அதற்கான அடிப்படை லண்டனில் முன்பே இடப்பட்டிருந்தது. 1906இல் ஹென்றி டேல், எர்காட் என்னும் பூஞ்சையிலிருந்து கிடைத்த பொருளை ஆராய்ந்தார். அதைச் செலுத்திய பிறகு அட்ரினலின் கொடுத்தால், ஏற வேண்டிய இரத்த அழுத்தம் இறங்கியது. அதன் காரணத்தை விளக்க நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1948இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், உடலில் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் இருக்கின்றன என்று எழுதினார். ஓர் ஆய்விதழ் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழில் வெளிவந்த பின்னும் சில ஆண்டுகள் எவரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பின்னர் ஜேம்ஸ் பிளாக் அதே அடிப்படையில் இதயத்துக்கான பீட்டா தடுப்பான்களை உருவாக்கி, 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆல்ஃபா பக்கம் பரிசுகள் ஏதும் வரவில்லை, மாத்திரைகள் வந்தன.

ஃபைசர் நிறுவனத்தின் பிரசோசின் 1970களின் நடுவில் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 1976இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் இது இரத்தக் குழாய்த் தசையை நேரடியாகத் தளர்த்துவதாகவே எண்ணினார்கள். ஆல்ஃபா ஏற்பிகளுக்குள்ளும் ஒன்று, இரண்டு என்ற பிரிவு உண்டென்பதும், பிரசோசின் முதல் வகையை மட்டும் தேர்ந்து அடைக்கிறது என்பதும் பிறகுதான் தெளிவாயின.

இம்மருந்து வந்தவுடனேயே ஒரு சிக்கலும் வந்தது. முதல் மாத்திரையைப் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிலர் எழுந்து நின்றதும் மயங்கி விழுந்தார்கள். நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்கும். உடனே கால்களின் இரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும். அந்த இறுக்கத்தைத்தான் மருந்து அடைத்துவைத்திருக்கிறது. மூளைக்கு இரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. 'முதல் வேளை விளைவு' என்று இதற்குப் பெயரிட்டார்கள். மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும், முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது கொடுக்க வேண்டும், அளவை மெல்ல ஏற்ற வேண்டும் என்ற விதிகள் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. சில நாள் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவிலேயே தொடங்குபவருக்கும் இதே ஆபத்து உண்டு.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

ஆல்ஃபா தடுப்பான் சிறுநீர்த் தொல்லைக்குப் பயன்படும் என்று காட்டியவர் ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையைச் சேர்ந்த மார்கோ கெய்ன். அறுவையில் எடுத்த புராஸ்டேட் திசுத் துண்டுகளை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து, அவற்றில் ஆல்ஃபா ஏற்பிகள் இருப்பதை 1975இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். அடுத்து ஃபினாக்சிபென்சமின் என்ற பழைய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரின் வேகம் கூடியது. அம்மருந்துக்குப் பக்கவிளைவுகள் அதிகம் என்பதால் மருத்துவர்களின் கவனம் பிரசோசின் பக்கமும், அதன் உறவுகளான, நாளொன்றுக்கு ஒருமுறை போட்டால் போதுமான டெராசோசின், டாக்சசோசின் பக்கமும் திரும்பியது.

அமெரிக்காவில் டெராசோசினுக்கு 1987இல் இரத்த அழுத்தத்துக்காகவும் 1993இல் புராஸ்டேட்டுக்காகவும் அனுமதி கிடைத்தது. டாக்சசோசினுக்கு அவ்வாண்டுகள் 1990, 1995. இரண்டு நோய்களும் ஒரே வயதில், பெரும்பாலும் ஒரே ஆளுக்கு வருபவை. ஒரே மாத்திரையில் இரண்டும் அடங்குமானால் செலவும் குறையும், மறதியும் குறையும். பற்றாததற்கு, இவை கொழுப்பின் அளவையும் சர்க்கரையையும் கெடுப்பதில்லை, சற்றே சீராக்கவும் செய்கின்றன என்று ஆய்வுகள் கூறின. மருந்து விற்பனையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! 1996இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 ஆண்களிடம் நடந்த ஆய்வு, சிறுநீர்த் தொல்லையைக் குறைப்பதில் டெராசோசின் நன்றாக வேலை செய்வதை உறுதிப்படுத்தியது. அந்தப் பாதி உண்மை இன்றும் அசையவில்லை. அசைந்தது மற்றப் பாதி.

2000ஆம் ஆண்டின் தீர்ப்பு

1994இல் அமெரிக்க அரசின் ஆதரவில் ஆல்ஹாட் எனப்படும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன, உயர் இரத்த அழுத்தமுள்ள 42,000க்கும் மேற்பட்டோரை அதில் சேர்த்தார்கள். புதிய மருந்துகள் மூன்று, குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான நீர்ப்போக்கி மாத்திரையுடன் ஒப்பிடப்பட்டன. மூன்றில் ஒன்று டாக்சசோசின். அதைப் பெற்றவர்கள் 9,067 பேர், நீர்ப்போக்கி பெற்றவர்கள் 15,268 பேர்.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்சசோசின் பிரிவை மட்டும் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாரடைப்பிலும் மொத்த இறப்பிலும் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் டாக்சசோசின் பெற்றவர்களிடம் இதயச் செயலிழப்பு இரண்டு மடங்காக இருந்தது. பக்கவாதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இரு பிரிவினரின் இரத்த அழுத்தத்துக்கும் இடையே இருந்த வித்தியாசமோ இரண்டு மூன்று புள்ளிகள்தான். அதை மட்டும் கொண்டு இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்க முடியவில்லை. ஆல்ஃபா தடுப்பான் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், நீர்ப்போக்கி அவற்றை வெளியேற்றும் என்பது சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

கருவியில் தெரியும் எண் குறைந்துவிட்டால் நோயாளி காப்பாற்றப்பட்டார் என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு கொடுத்த அடி பெரிது. அதன் பின் வந்த வழிகாட்டு நெறிகளில் ஆல்ஃபா தடுப்பான் முதல் வரிசையிலிருந்து இறங்கி, மற்றவை போதாதபோது சேர்க்கப்படும் துணை மருந்தாயிற்று. இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை முறையில் அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் ஆகியவையே இடம்பெற்றுள்ளன. 2000இல் வென்ற அந்தப் பழைய நீர்ப்போக்கி இங்கும் இருப்பதைக் கவனிக்கலாம். ஆகவே புராஸ்டேட்டுக்காக ஆல்ஃபா தடுப்பான் எடுப்பவருக்கு இரத்த அழுத்தமும் இருந்தால், அதற்குத் தனி மருந்து தேவைப்படும். "இதுவே பிரஷருக்கும் போதும்" என்று தன் அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்திக்கொள்பவர், 1990களின் நம்பிக்கையை இன்றும் பின்பற்றி இதயத்தைப் பணயம் வைக்கிறார்.

மகாடு: தேள் கடிக்கு ஒரு மருந்து

இம்மருந்தின் இந்திய வரலாற்றில் பெருமைக்குரிய இடம் மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் உள்ள மகாடு என்ற சிற்றூர். அங்கே சிவப்புத் தேள் கொட்டி, குறிப்பாகக் குழந்தைகள், நுரையீரலில் நீர் கோத்து இறந்துகொண்டிருந்தார்கள். (அத்தேளின் அறிவியல் பெயரின் பின்பாதி 'டமுலஸ்'. 1798இல் ஃபாப்ரீசியுஸ் இட்ட பெயர் அது.) 1970களில் அப்பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், நோயாளிகளின் அருகிலேயே இரவு பகலாக இருந்து நாடியையும் அழுத்தத்தையும் குறித்துவந்தார். தேள் நஞ்சு பரிவு நரம்புகளைத் தூண்டி நாரட்ரினலினையும் அட்ரினலினையும் வெள்ளமாகப் பாயவிடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன, இதயம் திணறுகிறது. அப்படியானால் ஆல்ஃபா பூட்டை அடைக்கும் பிரசோசின் உதவ வேண்டும் அல்லவா? கொடுத்துப் பார்த்தார், உதவியது. 1986இல் அவரும் அவர் மனைவி மருத்துவர் பிரமோதினியும் இதை 'லான்செட்' இதழில் எழுதினர். 2011இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பிரசோசினோடு நஞ்சுமுறி மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்துக்குள் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர். தம்முடைய மருந்தைவிடக் கூட்டு மருத்துவம் விரைவானது என்று தாமே நிறுவியது அவருடைய நேர்மைக்குச் சான்று. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்களும் தேள் கடிக்குப் பிரசோசினைப் பயன்படுத்தி அனுபவத்தைப் பதிவு செய்துள்ளனர். முதியவரைத் தலைசுற்றி விழவைக்கும் அதே செயல், இங்கே குழந்தையின் உயிரை மீட்கிறது.

டாம்சுலோசினும் மூன்று மருந்துச் சீட்டுகளும்

இரத்தக் குழாயை அதிகம் தொடாமல் புராஸ்டேட்டை மட்டும் தளர்த்தும் மருந்தைத் தேடியதில் கிடைத்தது டாம்சுலோசின். ஜப்பானின் யமனோவுச்சி நிறுவனம் உருவாக்கிய இது அங்கே 1993இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அனுமதி 1997இல் கிடைத்தது. இதில் தலைசுற்றல் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 3,047 ஆண்களை வைத்து நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, டாக்சசோசினோடு சுரப்பியின் பருமனைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று காட்டியது. இந்தியக் கடைகளில் டாம்சுலோசினும் டூடாஸ்டெரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை விற்பது இந்த வழியில் வந்ததே.

அசோக் நகர்வாசி ஒருவருக்கு மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2023 ஜூனில் திறந்த பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை, தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவர்கள். 2015இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இதயத்துக்கு ஒரு மருத்துவர், சிறுநீருக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று போகும்போது, ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் வருவதால் நோயாளிக்கும் தெரிவதில்லை. அழுத்தத்துக்குப் பிரசோசினும் சிறுநீருக்கு டாம்சுலோசினும் ஒருவருக்கே சேர்ந்துவிட்டால், அதே பூட்டு இரண்டு முறை அடைபடுகிறது. கூடவே நீர்ப்போக்கியும் இருந்து, கத்திரி வெயிலில் வியர்வையாக நீரும் போய்விட்டால், நள்ளிரவில் கழிவறைக்கு எழும் முதியவர் நாலடி நடப்பதற்குள் விழுந்துவிடக் கூடும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபிலும் இதனுடன் சேர்ந்து அழுத்தத்தைத் தாழ்த்தும். கூச்சத்தால் அதை மருத்துவரிடம் மறைப்பவர்களே மிகுதி.

இதைக் கண்டறியும் சோதனை எளியது. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவர் மருந்தின் அளவை மறுபடி பார்ப்பார். வீட்டில் அழுத்தமானி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அளப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது.

கண்ணைப் பற்றிய செய்தி கடைசியாக வெளிவந்தது. 2005இல் டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர்கள், டாம்சுலோசின் எடுப்பவர்களுக்குக் கண்புரை அறுவை செய்யும்போது கருவிழித்திரை தொய்ந்து அலைவதையும், பாவை சுருங்கிவிடுவதையும் கண்டு எழுதினர். பாவையை விரிக்கும் தசையிலும் இருப்பது ஆல்ஃபா ஏற்பியே. முன்கூட்டித் தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கேற்ற கருவிகளோடும் மருந்துகளோடும் தயாராக இருப்பார். அறுவைக்குச் சில நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவதால் பயன் உறுதியில்லை, நிறுத்தி நெடுநாள் ஆனவர்களிடமும் இது தென்பட்டிருக்கிறது. அதனால் கண் மருத்துவமனையில் "சிறுநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்பதோடு, "முன்பு எப்போதாவது சாப்பிட்டதுண்டா?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.